நார்ச்சத்தும் பசியும் செரிமானமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

காலையில் நான்கு இட்லி உண்ட பின்னரும் 11 மணிக்குள் பசி எடுக்கிறது; ஆயினும் இரண்டு நாள்களாக மலம் கழியவில்லை. கோவில்பதாகை, ஆவடி போன்ற புறநகர்ப் பகுதிகளில் இவ்விரு தொல்லைகளும் ஒருவருக்கே இருப்பது அரிதன்று. இரண்டிற்கும் பொதுவான காரணங்களுள் ஒன்று நார்ச்சத்துக் குறைவு. சென்னை நகர மக்களிடம் நடத்தப்பெற்று 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அவர்களது அன்றாடக் கலோரியில் ஏறத்தாழப் பாதி, தீட்டப்பட்ட தானியங்களிலிருந்தே கிடைத்ததைக் காட்டியது.

நார்ச்சத்து என்றால் என்ன?

தாவர உணவுகளில் உள்ள, நமது செரிமான நொதிகளால் சிதைக்க இயலாத பகுதியே நார்ச்சத்து. இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் இது இல்லை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டுடன் இதன் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

பசியை எவ்வாறு தணிக்கிறது?

பயறு, ஓட்ஸ், பழங்கள் ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து, நீருடன் சேர்ந்து கூழ்போல் ஆகிறது. இதனால் உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது. வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது. இரத்தச் சர்க்கரையும் படிப்படியாகவே உயர்கிறது.

செரிமானத்திற்கு எவ்வாறு உதவுகிறது?

தவிடு, கீரை, காய்களின் தோல் ஆகியவற்றில் மிகுந்துள்ள கரையாத நார்ச்சத்து, மலத்தின் பருமனைக் கூட்டி, எளிதில் வெளியேறச் செய்கிறது. கரையும் நார்ச்சத்தின் பெரும்பகுதி பெருங்குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது.

எவ்வளவு தேவை?

நாள்தோறும் குறைந்தது 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை. சமைக்காத 100 கிராம் உணவில் உள்ள தோராயமான அளவு:

• வெள்ளை அரிசி: 3 கிராம்
• கேழ்வரகு, கம்பு: 11 கிராம்
• முழுப் பச்சைப் பயறு: 17 கிராம்
• முழுக் கொண்டைக்கடலை: 25 கிராம்
• கொய்யாப்பழம்: 8 கிராம்

எவ்வாறு சேர்ப்பது?

• சோற்றுடன் கூடுதலாக உண்ணாமல், சோற்றின் அளவைக் குறைத்து அவ்விடத்தில் கீரை, பொரியல், சுண்டல் ஆகியவற்றைச் சேர்க்கவும்.
• வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியும் பழச்சாறும் சர்க்கரையை விரைவில் உயர்த்தக்கூடும். களி, அடை, முழுப்பழம் ஆகியவை மேலானவை.
• இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக அளவைக் கூட்டவும். திடீரெனக் கூட்டினால் வயிற்று உப்புசமும் வாயுவும் உண்டாகும்.
• போதிய நீர் அருந்தவும். நீரின்றி நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் மோசமடையலாம்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

• இன்சுலின் அல்லது சர்க்கரை நோய் மாத்திரை எடுப்போர்: சோற்றின் அளவைக் குறைக்கும்போது தாழ்சர்க்கரை ஏற்படலாம். மருந்தை நீங்களாகவே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
• சிறுநீரக நோயாளிகள்: பயறு, கீரை, பழங்களில் உள்ள பொட்டாசியம் சிலருக்குத் தீங்காகும்.
• நீர் அருந்தும் அளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய நோயாளிகளும், குடலில் அடைப்பு அல்லது அறுவை சிகிச்சை ஏற்பட்டவர்களும்.
• பக்கவாதத்தால் விழுங்க இயலாது அவதியுறுவோர்: இசப்கோல் தொண்டையில் உப்பி மூச்சை அடைக்கக்கூடும், பராமரிப்பாளர்கள் தாமாகக் கொடுக்கலாகாது.
• தைராய்டு மாத்திரை எடுப்போர்: இசப்கோல் போன்ற நார்ப்பொடிகளுக்கும் மாத்திரைக்கும் இடையே சில மணி நேர இடைவெளி தேவை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமற்ற எடைக் குறைவு, நடுவயதிற்குப் பின் மலம் கழிக்கும் முறையில் புதிதாகத் தோன்றி நீடிக்கும் மாற்றம் ஆகியவற்றை "மூலம்தான்" என்று நீங்களே முடிவு செய்து மலமிளக்கியால் நாள் கடத்தாதீர்கள். குடல் புற்றுநோயும் இவ்வாறே தொடங்கலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையை உடனே அணுகவும். வயிறு வீங்கி, வாந்தியுடன், மலமும் வாயுவும் வெளியேறாவிடில் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.