வைக்கோல் பரண் சொன்ன கணக்கு

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். பொதுவில் இருப்பதென்றால் கை தாராளமாகிவிடும். இதையே 1968-இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் மேய்ச்சல் நிலத்தை வைத்துக் கணக்காகப் போட்டார். பொது நிலத்தில் நான் கூடுதலாக ஒரு மாட்டை விட்டால், பால் முழுக்க எனக்கு. புல் குறையும் நட்டமோ ஊர் முழுக்கப் பங்கு. ஆகவே நானும் விடுவேன், நீங்களும் விடுவீர்கள். கடைசியில் மிஞ்சுவது கட்டாந்தரை.

சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலைக்கிராமத்தில் பல நூற்றாண்டுகளாகியும் அந்தக் கட்டாந்தரை வரவில்லை. அங்கே வயலும் திராட்சைத் தோட்டமும் புல் அறுக்கும் நிலமும் தனியாருடையவை. புல் அடர்த்தி இல்லாத, வேலி போட்டுக் கட்டுப்படியாகாத உயர்மலை மேய்ச்சல் மட்டும் பொது. அதற்கு 1483-லேயே ஊரார் கூடி விதி எழுதினார்கள்.

1517-இல் எழுதப்பட்ட ஒரு விதி அபாரமானது: பனிக்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மலைக்கு ஓட்டலாம். பனி மூடும் மாதங்களில் மாடுகள் தொழுவத்தில்தான் கிடக்கும். தின்பதற்குச் சொந்த நிலத்தில் அறுத்துக் காயவைத்த புல்தான். ஆகவே, கோடையில் மட்டும் நாலு மாடு வாங்கிப் பொதுப் புல்லில் கொழுக்கவைக்க முடியாது. மலையில் எவ்வளவு புல் இருக்கிறது என்று யாரும் அளக்க வேண்டியதுமில்லை. அவரவர் பரணே அளவுகோலாகிவிட்டது.

காவலும் உண்டு. எல்லா மாடுகளும் ஒரே நேரத்தில் மலையேறும், அங்கேயே எண்ணிவிடுவார்கள். விதி மீறினால் அபராதம். அதில் பாதி, பிடித்த ஊர் அதிகாரிக்கே.

மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் தந்த சான்றை 1990-இல் தம் நூலில் எடுத்தாண்ட எலினர் ஆஸ்ட்ரம், இத்தகைய பொதுவளங்களின் நிர்வாகத்தை ஆராய்ந்ததற்காக 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நிர்வகிக்கப்படாத பொதுநிலத்துக்கே தன் கணக்கு பொருந்தும் என்று ஹார்டினும் பின்னாளில் திருத்திக்கொண்டார்.

அவருடைய கணக்கில் வரும் மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. டோர்பெலிலோ, மாட்டு எண்ணிக்கைப்படி ஆண்டுதோறும் பாலாடைக்கட்டியைப் பங்கிடுவார்கள். கூடுதலாக ஒரு மாட்டை ஓட்டியவர், அந்தப் பங்கை வாங்க அதே ஊராரின் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.