பந்து வருமுன்னே பார்ப்பவர்

உதைபந்தாட்டம் பார்க்கும்போது நம் கண் பந்துக்குப் பின்னாலேயே ஓடும். அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு, நடுக்களத்தில் ஆடும் ஒருவரை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். பெரும்பாலான நேரம் அவர் காலில் பந்தே இருக்காது. 90 நிமிட ஆட்டத்தில் ஒருவரிடம் பந்து இருப்பது மொத்தமே சில நிமிடங்கள்தான். அப்படியிருந்தும் தொழில்முறை நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை ஓடுகிறார்.

ஓட்டத்தைவிட எனக்கு அதிசயமாய்த் தெரிவது அவருடைய கழுத்து. இடம், வலம், தோளுக்கு மேலால் பின்பக்கம் என்று அது திரும்பிக்கொண்டே இருக்கும். நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்துப் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பந்து காலுக்கு வரும் முன் அதிகமாகச் சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன.

ஏன் என்று கணக்குப் போடுவோம். நண்பன் 15 மீற்றர் தள்ளி நின்று, செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் பந்தை அடிக்கிறான். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு செக்கன். கண்டதும் காலை அசைக்கவே கால் செக்கன் அளவு போய்விடும். 'இவனுக்கா, அவனுக்கா' என்று தெரிவுசெய்ய இன்னும் வேண்டும். கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. கையை நேரே நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலமளவு இடத்தைத்தான் கண் மிகத் துல்லியமாகக் காணும். மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். அதனால்தான் கண்ணையும் தலையையும் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்து, மூளைக்குள் மைதானத்தின் படத்தைச் சேர்க்கவேண்டியிருக்கிறது.

நடுக்கள ஆட்டம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டாத தொழில் இல்லை. சென்னை வியாசர்பாடியின் நெருக்கமான தெருக்களிலிருந்து வந்த தனபால் கணேஷ், சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்கள வீரரானார். 2017-18 பருவத்தில் அந்த அணி இந்தியன் சூப்பர் லீக்கை வென்றது. இறுதியாட்டத்தில் பெங்களூரை 3-2 என்று தோற்கடித்தது. பிறகு முழங்கால் காயம் அவரை நெடுங்காலம் மைதானத்துக்கு வெளியே நிறுத்தியது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் சடாரென்று திரும்பினால், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களில் பெரும் இழுவை ஏற்படும். வேகமாய்த் திரும்புவதே நடுக்கள வீரரின் வேலை என்பதால், அந்த ஆபத்தும் கூடவே வரும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மன்னார் மாவட்டத்துப் பெரியமடு பெருநிலப்பரப்பில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே இறுகிய தரையில் ஓடிப் பழகிய பிள்ளை மன்னார்த் தீவின் கடற்கரை மணலில் ஆடினால் சீக்கிரமே மூச்சு வாங்கும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் இதை அளந்து பார்த்தார்கள். இறுகிய தரையைவிட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. இறுகிய தரையில் பாதம் படும்போது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் றப்பர்போல இழுபட்டு, அந்த ஆற்றலில் பெரும் பங்கை அடுத்த அடிக்குத் திருப்பித் தரும். மணலில் தரையே சரிந்து விலகுவதால், கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே போய்விடும்.

வெயிலும் ஒரு பக்கம். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகவேண்டும். கடற்காற்றில் ஈரப்பதன் கூடினால் ஆவியாவது மெதுவாகும். 2014 உலகக் கிண்ணத்தில், பிரேசிலின் போர்த்தலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது, நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார். பெரியவர்களுக்கே அப்படியென்றால் நீங்கள் வெயில் தணிந்த பின்னேரத்தில் ஆடுங்கள், தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். மூன்று பேர் போதும். ஒருவர் நடுவில் நிற்கட்டும். முன்னால் நிற்பவர் பந்தை உதைக்கத் தயாராகும்போது, பின்னால் நிற்பவர் சில விரல்களைக் காட்டவேண்டும். நடுவில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, பந்து வந்து சேருமுன் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்லி, பந்தையும் நிறுத்தவேண்டும். தொடக்கத்தில் எண் சரியாக வந்தால் பந்து நழுவும், பந்து நின்றால் எண் பிழைக்கும். பத்துப் பத்து முறை ஆடி, இரண்டும் சரியாய் வந்தவற்றைக் கொப்பியில் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மூவரும் மறுபடி ஆடி, இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.