தேயிலையும் மரம்தான்: நுனியை எப்போது கிள்ளுவது?

பிரிஞ்சாங் பக்கம் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போயிருந்தால், இடுப்பளவில் மேசை மாதிரி பரந்து நிற்கும் தேயிலைச் செடிகளைப் பார்த்திருப்பீங்க. புதர்தானே என்று கேட்டால் மாணவர்கள் ஆமாம் என்பார்கள். வெட்டாமல் விட்டால் அசாம் வகைத் தேயிலை 10 மீட்டர்கூட வளரும். கவாத்தும் கொழுந்து பறிப்பும்தான் அந்த மரத்தைப் புதராக வைத்திருக்கின்றன.

காரணம் நுனி ஆதிக்கம். நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் கீழிறங்கி, பக்கமொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும். தேர்வில் "நுனியை வெட்டினால் செடி வளராது" என்று எழுதிடாதீங்க. வளரும், பக்கவாட்டில்.

இதையே திருப்பிப் போட்டால் பூச்செடி மரமாகும். 1960 முதல் நம் தேசிய மலராக இருக்கும் செம்பருத்தியில் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். நேரான ஒரு தண்டை மட்டும் விட்டு, குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்க. இறுக்கினால், தண்டு பருக்கும்போது கயிறு பட்டையை அறுக்கும். பக்கக்கிளைகளைத் தளிரிலேயே கிள்ளணும். ஆனால் தண்டில் நேரடியாக இருக்கும் இலைகளைக் கொஞ்ச காலம் விட்டுவைங்க. தண்டு பருக்க உணவு அவைதான் தரும்.

நுனியைத் தொடவே கூடாது. என் மாணவர்கள் அவசரப்பட்டு முழங்கால் உயரத்திலேயே கிள்ளிட்டாங்க. ஒரு வருட உழைப்பு மறுபடியும் புதரானது. சுமார் ஒரு மீட்டர் வந்த பிறகு கிள்ளினால் மேலே குடை விரியும். அதன்பின் சில வாரம் பூ குறையும், பயப்படாதீங்க. செம்பருத்தி புதுக்கிளையில்தான் பூக்கும்.