பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு

பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இணையத்துக்குப் போகும் கோரிக்கைகள் ஒரு ப்ராக்ஸி சர்வரைக் கடந்துதான் போகின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது ஒரு வரி எழுதி வைக்கிறது. 1990-களிலிருந்து புழங்கிவரும் ஸ்குவிட் மென்பொருளின் வழக்கமான பதிவில் வரிக்குப் பத்துக் கட்டங்கள். மூன்றாவதில் கேட்ட கணினியின் ஐ.பி. முகவரி, நான்காவதில் விளைவு, எட்டாவதில் பயனர் பெயர். பெயர் தெரியாவிட்டால் அங்கே ஒரு சிறு கோடு விழும். தணிக்கைக்கு உட்காருபவரின் கண் முதலில் போவது அந்தக் கோட்டின் மேல்தான். கோடுகளை எண்ணி, அத்தனையும் அத்துமீறல் என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கோடு குறிப்பது ஒரு தருணத்தை மட்டுமே. அதை ஓர் ஆளாக எண்ணும்போதுதான் பிழை தொடங்குகிறது.

கடவுச்சொல் கேட்கும் ப்ராக்ஸியிடம் உலாவி முதல்முறை வெறுங்கையோடுதான் போகிறது. ப்ராக்ஸி 407 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. 'முதலில் யாரென்று சொல்' என்பது அதன் பொருள். இந்த மறுப்பும் பதிவில் ஒரு வரியாக, பெயருக்குப் பதில் கோட்டோடு ஏறிவிடும். உடனே உலாவி பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்ப, அடுத்த வரியில் 200 என்ற வெற்றி எண்ணும் பெயரும் வந்துவிடும். விண்டோஸ் வலையமைப்புகளில் நெடுநாள் புழங்கிய என்.டி.எல்.எம். முறையில் புதிர் போட்டு விடை வாங்கும் படி ஒன்று கூடுதலாக இருப்பதால், ஒவ்வொரு புது இணைப்புக்கும் இரண்டு பெயரற்ற வரிகள் விழலாம். ஒழுங்காக உள்நுழைந்த ஊழியரே இப்படி நாள் முழுக்க நூற்றுக்கணக்கான கோடுகளை விட்டுச்செல்கிறார். ஆகவே ஒரு கோட்டைப் பார்த்ததும், அதே ஐ.பி. முகவரியிலிருந்து அதே தளத்துக்குச் சில நொடிகளுக்குள் பெயரோடு ஒரு வரி வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். வந்திருந்தால் அது வெறும் கதவு தட்டல். 407 மட்டுமே திரும்பத் திரும்ப வந்து, பின்னால் பெயரே வரவில்லை என்றால் இடைவெளியைக் கவனிக்கலாம். இரவும் பகலும் ஒரே சீரான இடைவெளியில் ஒரே முகவரியைத் தட்டுவது பெரும்பாலும் கடவுச்சொல் கொடுக்கத் தெரியாத ஏதோ ஒரு மென்பொருள்தான். மனிதர் அப்படித் தட்டமாட்டார்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய வரி வேறு: பெயர் இடத்தில் கோடு, விளைவில் 200. பெயர் சொல்லாமலே ஒருவர் உள்ளே போயிருக்கிறார். இதற்கும் பெரும்பாலும் காரணம் உள்ளேயே இருக்கும். ஸ்குவிட் தன் அனுமதி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. மென்பொருள் புதுப்பிப்புத் தளங்களை அனுமதிக்கும் விதி, கடவுச்சொல் கேட்கும் விதிக்கு மேலே இருந்தால், அந்தத் தளங்களுக்குப் போகிறவர் யாரென்று ப்ராக்ஸி கேட்கவே கேட்காது. யாரோ அவசரத்துக்குச் சேர்த்து, நீக்க மறந்த விதியும் இப்படித்தான் வேலை செய்யும். ஆளைத் தேடுமுன் விதிப் பட்டியலைப் படிப்பது நல்லது.

ஐ.பி. முகவரிதான் இருக்கிறதே, அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். முகவரி ஒரு கருவிக்குக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தரப்படுவது. காலையில் ஒரு மடிக்கணினிக்கு இருந்தது மாலையில் வேறொருவரின் கைப்பேசிக்குப் போயிருக்கலாம். எந்த முகவரி எப்போது யாருக்குத் தரப்பட்டது என்ற டி.எச்.சி.பி. பதிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதோடு கடிகாரங்களை ஒருங்கிணைக்கவும் சொன்னது இதனால்தான் மிக முக்கியமாகிறது. அதன் பிறகும் கிடைப்பது ஒரு கருவி. அண்மைக்காலக் கைப்பேசிகள் வலையமைப்புக்கு வலையமைப்பு தம் வன்பொருள் முகவரியையே மாற்றிக் காட்டுவதால், அந்தக் கருவி எதுவென்று சொல்வதுகூட முன்பைவிடக் கடினம்.

எல்லோரையும் கட்டாயமாக உள்நுழையச் சொன்னால் பிரச்சினை தீருமே என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு, கோடுகள் குறையும். ஆனால் பயனருக்கே தெரியாமல் போக்குவரத்தை இடைமறிக்கும் வகை ப்ராக்ஸியில் இது முடியாது. தான் பேசுவது ப்ராக்ஸியிடம் என்பதை உலாவி அறியாததால், 407-க்கு அது பதில் சொல்லாது. நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிரும் அலுவலகத்தில், பெயர் பதிவான வரியும் ஆளைக் காட்டாது. 2007-ல், ஆர்குட் சமூக வலைத்தளத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியை இழிவுபடுத்திய பதிவுக்காகப் பெங்களூரு மென்பொறியாளர் ஒருவரைப் புனே போலீஸ் கைது செய்தது. அவர்களிடம் இருந்தது ஓர் ஐ.பி. முகவரியும், அது இன்னாருடையது என்று இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பெயரும். அந்தப் பெயர் தவறு. அது தெரிந்து அவர் வெளியே வந்தபோது சிறையில் ஐம்பது நாள் கழிந்திருந்தது.