முழுகாத அக்காவும் குழல் பிடித்த தங்கச்சியும்

அளவுநாடா 35 என்றது. விறாந்தையில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

“ரெட்டையாக்கும்,” என்றார் என் அம்மா, பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு.

பாயில் சாய்ந்து கிடந்த மூத்தவளின் முகம் வெளிறியது. நாடாவைப் பிடித்திருந்த இளையவளின் முகம் அதைவிட வெளிறியது. அடுத்த நொடி அவளே நெற்றியில் அடித்துக்கொண்டாள். “சும்மா இரு அம்மம்மா! அக்கா, நீ எழும்பிப் போய் ஒண்டுக்கு இருந்திட்டு வா கா!”

சலப்பை நிறைந்திருந்தால் கருப்பை மேலே தள்ளப்பட்டு நிற்கும். அளவு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பொய் சொல்லும். வயிற்றைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, தாயைக் கழிப்பறைக்கு அனுப்புவது. இளையவளின் பயிற்சிக் கொப்பியில் இதற்குச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்ததாம். கோடு கொப்பியோடு நின்றுவிட்டது. மூத்தவள் போய்விட்டு வந்து படுத்ததும் மறுபடி அளந்தாள். 31க்கும் 32க்கும் நடுவில். அம்மாவின் இரட்டைப் பிள்ளை அத்தோடு ஒற்றையாயிற்று.

இது நடந்தது 2025 மார்ச் 22, சனிக்கிழமை, மட்டக்களப்பு அமிர்தகழியில் என் அக்கா வீட்டில். அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு அன்றைக்கு வயிற்றில் 32 வாரமும் 2 நாளும். இளையவள் மிட்வைப் பயிற்சியில் இருந்தாள், லீவில் வந்திருந்தாள். இப்படி ஒரு பொருத்தம் எத்தனை வீட்டில் வாய்க்கும்? நான் பேனாவோடு ஒரு மூலையில் இடம் பிடித்துவிட்டேன். பரீட்சை எழுதப் போகிறவருக்கு இல்லாத சுகம் எட்டிப் பார்க்கிறவருக்கு உண்டு.

நாடா வித்தையில் இன்னொரு தந்திரமும் கண்டேன். இலக்கம் போட்ட பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்துத்தான் அளக்க வேண்டும். கருப்பையின் உச்சியில் ஒரு முனை, அடிவயிற்று எலும்பின் மேல் விளிம்பில் மறுமுனை, அதன் பிறகுதான் திருப்பிப் பார்ப்பது. ஏனென்றால் 32 வாரம் என்று தெரிந்தவளின் கண் 32ஐத் தேடிப் பிடித்துக்கொள்ளும். தன் கண்ணையே நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு! எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. 24 வாரத்துக்குப் பிறகு சென்ரிமீற்றரும் வாரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். இரண்டு மூன்று கூடிக் குறைந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

கொப்பியை வாங்கிப் புரட்டினேன். பெரிய எழுத்தில் தலைப்பு: சாதாரண கர்ப்பம்.

“சாதாரணமாம்,” என்றார் ஐந்து பெற்ற என் அம்மா. “ஆரு சொன்ன?”

ஆனால் அந்தச் சாதாரணத்தைப் படிப்பதுதான் அடித்தளம். இலங்கையில் குடும்பநல மாதுக்கு, அதாவது மிட்வைப்புக்கு, 18 மாதப் பயிற்சி: ஒரு வருடம் பாடசாலையும் ஆஸ்பத்திரியும், பிறகு ஆறு மாதம் ஊருக்குள். நோயில்லாத ஆளைப் பரிசோதிக்கக் கற்றுக்கொள்கிற படிப்பு இது. கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் இரத்தம் ஐதாகும், அது இயல்பு. ஆனால் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இயல்பு இல்லை. மாலையில் கால் கொஞ்சம் வீங்குவது இயல்பு. முகம் வீங்கினால் இயல்பு இல்லை. தலையிடி எல்லோருக்கும் வரும்; தலையிடியோடு கண் மங்கினால், பிரஷர் 140க்கு 90ஐத் தொட்டால், அப்போதே ஆஸ்பத்திரி. நூறு சாதாரண வயிறு தொட்ட கைக்குத்தான் நூற்றியோராவது வயிறு வேறுமாதிரி என்று பட்டென்று தெரியும்.

அடுத்தது திகதிக் கணக்கு. இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. எங்கள் பேச்சில் கர்ப்பிணி “முழுகாமல் இருக்கிறா”. மாதவிலக்கு வந்தால் தலை முழுகுவாள். வரவில்லை, ஆகவே முழுகவில்லை. முழுக்குக்குப் பேர்போன அமிர்தகழியில், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்குளத்தில் ஊரே முழுகுகிற இடத்தில், ஒருத்தி முழுகாமல் இருப்பது எவ்வளவு பெரிய செய்தி!

“கடைசியா வந்த முதல் நாள் எப்ப?” இளையவள் உத்தியோகக் குரலில் கேட்டாள்.

மூத்தவள் முகட்டைப் பார்த்தாள். பதில் அம்மாவிடமிருந்து வந்தது: “தீர்த்தம் ஞாயித்துக்கிழமை. அதுக்குப் பிந்தின வியாழன். எனக்கு ஞாபகம் மனே.”

2024இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. அப்படியானால் வியாழன் ஆகஸ்ட் 8. அதோடு 7 நாளைக் கூட்டினால் 15. 9 மாதம் தள்ளினால் மே 15. ஜெர்மன் வைத்தியர் நேகலே பேரில் வழங்குகிற இந்தக் கணக்குக்கு விரல் போதும், கல்குலேட்டர் வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவருக்குத்தான் பொருந்தும் என்று இளையவள் உடனே ஒரு வாலும் சேர்த்தாள். கிளினிக் கார்ட்டைத் திறந்து பார்த்தோம். மே 15 என்றே எழுதியிருந்தது. அம்மா வெற்றிலையை மடித்த அழகைப் பார்க்க வேண்டும்.

பிறகு கை. முதலில் குழாயடியில் கழுவிய ஈரக்கையோடு தொட்டாள். மூத்தவள் “ஊய்” என்று துள்ளினாள், வயிறு கல்லாக இறுகியது. இறுகிய வயிற்றில் ஒன்றும் பிடிபடாது. கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி வந்தாள். மல்லாக்கப் படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்ற வைக்கும் என்பதால், வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்து இடப்பக்கம் கொஞ்சம் சரித்தாள். விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையால் தடவினாள். உச்சியில் மெத்தென்று ஒன்று: பிட்டம். இடப்பக்கம் வழவழவென்று நீளமாக: முதுகு. வலப்பக்கம் முட்டு முட்டாக: கை, கால், அதில் ஒன்று அவள் கைக்கே உதை கொடுத்தது. கீழே கெட்டியாக உருண்டையாக: தலை. அதை இரண்டு விரலுக்கு நடுவில் தட்டிப் பார்த்தால் தனியாக ஆடும். பிட்டம் அப்படி ஆடாது, அதற்குக் கழுத்து இல்லையே!

முதுகு எங்கே என்று தெரிந்தால்தான் இதயம் எங்கே கேட்கும் என்று தெரியும். பையிலிருந்து குழலை எடுத்தாள். பிரெஞ்சு வைத்தியர் பினார்ட் 1895இல் கொண்டுவந்த மாதிரி, மின்சாரமும் பற்றறியும் கேட்காத சாமான். சின்னப் புனலை ஒரு தட்டில் ஒட்டிய உருவம். புனல் வாய் வயிற்றில், தட்டில் காது. காது வைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் உரசுகிற சத்தம்தான் கேட்கும்.

எண்ணினாள். “எண்பத்தெட்டு,” என்றவளின் உதடு நடுங்கியது. வயிற்றுப்பிள்ளைக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும். நான் முச்சக்கரவண்டிக்குப் போன் எடுக்கக் கையைக் கொண்டுபோய்விட்டேன். அவள் மூச்சை இழுத்து, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அதுவும் 88! கேட்டது தாயின் இரத்த ஓட்டம். நாடியில் விரலை வைத்துக்கொண்டே கேட்கச் சொல்வது இதற்காகத்தான். குழலை இரண்டு விரற்கடை நகர்த்தினாள். அப்படியே நின்றாள். முகம் மெல்ல விரிந்தது.

“சின்னம்மா, வாங்க. நீங்களும் கேளுங்க.”

குனிந்தேன். மூத்தவள் மத்தியானம் தின்ற சோறு செரிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. “காதை அமத்துங்க.” அமத்தினேன். தூரத்தில், மிகத் தூரத்தில், வாவியின் மறுகரையில் ஓர் இஞ்சின் வள்ளம் ஓடுவதுபோல டுக்டுக்டுக்டுக்.

மட்டக்களப்பாருக்கு இது புது வித்தை இல்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துத்தானே பாடும் மீனைக் கேட்கிறோம்? நான் மூன்று தரம் போய் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. இங்கே நிமிடத்துக்கு 142 தரம் கேட்டது.

மருத்துவிச்சி என்றால் பிள்ளை பெறுவிக்கிறவர் என்றுதான் நினைப்போம். இன்று இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது. ஊருக்குள் சுமார் 3,000 பேரைப் பார்க்கிற மிட்வைப் மிஸ்ஸின் பெரிய வேலை அதற்கு முந்திய மாதங்களில். 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை திறந்தது, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு வந்தது. அப்படியிருந்தும் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இன்றைக்கு அது முப்பதைச் சுற்றி நிற்கிறது. நாடாவும் குழலும் பிடித்து வீடு வீடாக நடந்த கால்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

நாலு மணிக்கு அம்மா தேத்தண்ணியோடு வந்தார். மூத்தவள் இரும்புச்சத்துக் குளிசையை எடுத்தாள். இளையவள் பாய்ந்து கோப்பையைப் பறித்தாள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியக் குளிசையும் அதே வேளையில் கூடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை, தேசிக்காய்த் தண்ணி என்றால் நல்லது. “என்ட வீட்டில தேத்தண்ணிக்குத் தடையா?” என்று அம்மா நின்ற நிலையைப் பார்த்தால், பயிற்சியின் மிகக் கடினமான பாடம் வயிற்றில் இல்லை, அம்மம்மாவில் என்று தோன்றியது. கடைசியில் குளிசையை இரவுக்குத் தள்ளிச் சமாதானமாயிற்று.

“நான் பார்த்தது படிப்புக்கு,” என்று குழலைத் துடைத்து வைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னாள் இளையவள். “கணக்கு மிஸ் பார்க்கிறதுதான். கிளினிக்கைத் தவறவிடாத.”

உங்கள் வீட்டிலும் யாராவது முழுகாமல் இருந்தால் எட்டு வாரத்துக்குள் உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸிடம் பதிந்துவிடுங்கள். காசு ஒரு சதமும் இல்லை.