மனச்சோர்வு மாத்திரை உடனே ஏன் வேலை செய்வதில்லை? நியூரானுக்குள் செரோடோனின் செய்வது என்ன?

"பத்து நாளா மாத்திரை போடுறேன், ஒரு மாற்றமும் தெரியல." மனச்சோர்வுக்கு சிகிச்சை எடுப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. தலைவலி மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் கேட்கிறது. இதற்கு மட்டும் ஏன் பல வாரம்? அதுக்குள்ள வெறுத்துப்போய் பலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே வேலையை தொடங்கிவிடுகின்றன. நியூரான் வெளியே விட்ட செரோடோனினை அதுவே மறுபடி உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அந்த வேலை. அப்போ தாமதம் எங்கே?

நியூரானுக்குள் என்ன மின்சாரம்?

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம், வெளிப்புறத்தை விட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சோடியம் உள்ளே பாய்ந்தால் மின்துடிப்பு பிறக்கும். அது நியூரானின் நுனியை அடைந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கும். எலும்புக்கு வேணும்னு சொல்வோமே, அதே கால்சியம்தான். வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் செல்லுக்குள் இருக்கும் என்பதால், துளி நுழைந்தாலே அது பெரிய சிக்னல். உடனே ரசாயனப் பைகள் திறந்து அடுத்த நியூரானுக்கு செய்தி போகும்.

செரோடோனின் கை வைப்பது இங்கேதான். ஆனால் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 5-எச்டி3 என்ற ஏற்பியில் வாயில் நேரடியாக திறந்து நியூரான் தூண்டப்படும். (வாந்திக்கு கொடுக்கும் ஆன்டான்செட்ரான் தடுப்பது இந்த ஏற்பியைத்தான்.) 5-எச்டி2 ஏற்பியில், செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியமே விடுவிக்கப்படும். 5-எச்டி1ஏ நேர் எதிர். பொட்டாசியத்தை வெளியேற விட்டு, கால்சியம் நுழைவதையும் குறைத்து, நியூரானை அடக்கும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று நாம் முத்திரை குத்துவது கொஞ்சம் ஓவர்தான்.

பிரேக் எங்கே இருக்கு?

மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் சில லட்சம் மட்டுமே செரோடோனின் தயாரிப்பவை. பெரும்பாலும் மூளைத்தண்டின் ரஃபே பகுதியில் இருக்கின்றன. அந்த நியூரான்களின் மேலேயே 5-எச்டி1ஏ ஏற்பிகள் உண்டு. தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாதிரி. மாத்திரையால் சுற்றிலும் செரோடோனின் கூடியதும் சுவிட்ச் விழுகிறது, ரஃபே நியூரான்களின் துடிப்பு குறைகிறது. ஒரு பக்கம் சேமித்தது மறுபக்கம் போய்விடுகிறது. வாரங்கள் போகப்போக அந்த சுவிட்ச் மரத்துப்போகும். துடிப்பு பழையபடி திரும்பும். அதன் பிறகே செரோடோனின் உண்மையில் உயர்கிறது. விலங்கு ஆய்வுகளில் இதை பார்த்திருக்கிறார்கள்.

தாமதத்துக்கு இது மட்டுமே காரணம் இல்லை. அந்த ஏற்பியை தடுக்கும் பிண்டோலால் என்ற ரத்த அழுத்த மருந்தை 1990-களில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் பலன் சீக்கிரம் வந்தது, சிலவற்றில் வரவில்லை. நரம்பு இணைப்புகள் மாறவும் நாள் பிடிக்கிறது என்பது இன்னொரு விளக்கம்.

முதல் வாரங்களில் பலன் தெரியாமல் குமட்டல், படபடப்பு மட்டும் தெரியலாம். நீங்களாகவே திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க, அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கு. தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மனஸ் இலவச எண் 14416, இரவிலும் இயங்குகிறது.