303 துப்பாக்கி குண்டு எவ்வளவு தூரம் பாயும்? சுடும் பயிற்சி அறிவிப்பை அலட்சியப்படுத்தாதீங்க!

"இந்த தேதிகளில் துப்பாக்கி சுடும் பயிற்சி நடக்கிறது. மலையடிவாரத்தில் ஆடு, மாடு மேய்க்க வேண்டாம்."

இப்படி ஒரு அறிவிப்பு அவ்வப்போது பேப்பரில் வரும். பலரும் இதை படித்துவிட்டு அடுத்த செய்திக்கு போய்விடுவார்கள். "போலீஸ்காரங்க மலையைப் பார்த்து சுடுறாங்க, நமக்கென்ன?" என்ற நினைப்புதான் காரணம்.

ஆனால் அந்த 2 வரிக்குப் பின்னால் உயிர் சமாச்சாரம் இருக்கிறது.

திரி நாட் திரி

போலீஸ் என்றாலே நம்ம ஊர் மக்களுக்கு நினைவுக்கு வருவது மரக்கட்டை போட்ட நீளமான 303 துப்பாக்கி. குழல் துவாரத்தின் அளவு ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 303 பங்கு, அதாவது 7.7 மில்லி மீட்டர். அதனால்தான் 'திரி நாட் திரி' என்ற பெயர் வந்தது.

வெள்ளைக்காரன் காலத்து சரக்கு இது. மேற்கு வங்காளம் இச்சாப்பூர் ஆலையிலும் தயாரானது. 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்ததும் இதுதான். அதன் பிறகு ராணுவம் புது ரகங்களுக்கு மாறியது. போலீசாரும், என்.சி.சி. மாணவர்களும் பல ஆண்டுகள் இதிலேயே பழகினார்கள். உத்தரபிரதேச போலீசார் 2020-ம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தார்கள்.

எடை சுமார் 4 கிலோ. உள்ளே 10 தோட்டா போடலாம். ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்து தள்ளினால்தான் அடுத்த குண்டு ஏறும்.

கட்டையை தோளோடு இறுக்கிப் பிடிக்காவிட்டால் தோள்பட்டையை பதம் பார்த்துவிடும். புதிதாக சுடுபவர்கள் இந்த உதைக்கு பயந்தே கண்ணை மூடிக்கொள்வார்கள். குறி தப்புவது அந்த நொடியில்தான்.

அறுபது நொடியில் 15 குண்டு

முதலாம் உலகப்போருக்கு முன்பு பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு சிப்பாயும் ஆண்டுதோறும் சுடும் தேர்வு எழுத வேண்டும். பேனாவால் அல்ல, தோட்டாவால்!

மொத்தம் 200 மார்க். அதில் 130 வாங்கினால் 'மார்க்ஸ்மேன்'. 105 வாங்கினால் முதல் வகுப்பு. 70 வாங்கினால் 2-ம் வகுப்பு. மார்க்ஸ்மேன் ஆனவரின் சட்டைக் கையில் 2 துப்பாக்கியை குறுக்கே போட்ட பேட்ஜ் குத்துவார்கள்.

அந்த தேர்வில் ஒரு கட்டம் ரொம்ப கஷ்டம். 300 கஜ தூரத்தில் இருக்கும் இலக்கை, படுத்த நிலையில் ஒரே நிமிடத்தில் 15 முறை சுட வேண்டும். அதாவது 4 நொடிக்கு ஒரு குண்டு. அதற்குள் போல்ட்டையும் இழுக்க வேண்டும், தோட்டாவும் நிரப்ப வேண்டும்.

குழல் மேல் காசு

இந்த வேகம் ஒரே நாளில் வராது. முதலில் தோட்டா போடாமலேயே பழகுவார்கள். குழல் நுனியில் ஒரு காசை வைத்து விசையை அழுத்தச் சொல்வார்கள். காசு விழாமல் இருந்தால் கை ஆடவில்லை என்று அர்த்தம்.

மூச்சை பாதி விட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்த வேண்டும். குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தால் சுடுபவர் சரி. அந்த இடம் மையத்தை விட்டு தள்ளி இருந்தால் சரி செய்ய வேண்டியது துப்பாக்கியின் குறிமுள்ளைத்தான்.

ஒரு டிகிரி போதும்!

குழல் நுனி ஒரே ஒரு டிகிரி மேலே போனால், 300 மீட்டர் தூரத்தில் குண்டு 5 மீட்டர் உயரே போய்விடும். அதனால்தான் இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடோ, மலையோ இருக்கும் இடமாக பார்த்து சுடும் தளம் அமைக்கிறார்கள்.

303 குண்டு நொடிக்கு சுமார் 740 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அது சத்தத்தை விட 2 மடங்கு வேகம். மேட்டைத் தாண்டிவிட்டால் 2 கிலோ மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். பாறையில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 2021 டிசம்பரில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. பாதுகாப்பு படையினரின் பயிற்சியின்போது பாய்ந்து வந்த குண்டு, தூரத்தில் வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் உயிரிழந்தான். அதன்பின் அந்த தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது.

அந்தப் பையன் தடை செய்த இடத்துக்குள் போகவில்லை. எனவே பொறுப்பு மக்களுக்கு மட்டும் அல்ல, தளத்தை நடத்துபவர்களுக்கும்தான். மண்மேடு போதுமா, குண்டு விழக்கூடிய தூரத்துக்குள் வீடுகள் வந்துவிட்டதா என்று பார்ப்பது அவர்கள் கடமை.

என்ன செய்யலாம்?

* அறிவிப்பில் சொன்ன நாட்களில் அந்தப் பக்கம் ஆடு, மாடு ஓட்டிப் போகாதீர்கள். விறகு பொறுக்கவும் போக வேண்டாம்.

* சிவப்புக் கொடி பறந்தால் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் நின்றாலும் உள்ளே போகக்கூடாது.

* பித்தளை, ஈயம் கிடைக்கும் என்று பிள்ளைகள் தளத்துக்குள் போனால் கண்டியுங்கள். வெடிக்காத தோட்டாவும் அங்கே கிடக்கலாம்.

* வீட்டுச் சுவரிலோ, கூரையிலோ குண்டு பட்ட தடம் தெரிந்தால் உடனே போலீஸ் ஸ்டேஷனிலும், கலெக்டர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். அதே பாதையில் அடுத்த குண்டும் வரலாம்.